கை மரத்துப்போனா 'வாயு'ன்னு விட்டுடலாமா? தோட்டத் தொழிலாளர்களின் மணிக்கட்டில் என்ன நடக்கிறது?

இரவு இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. எழுந்து உட்கார்ந்து கையை நாலு தடவை உதறினால் அடங்கிவிடும். விடியற்காலை பெரட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அது மறந்தும் போகும்.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் புகார் புதிதல்ல. அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள், பாட்டி சொல்லியும் கேட்டிருப்பீர்கள். அதற்கு வீட்டில் கிடைக்கிற பதில்களும் தெரிந்தவைதான். "ரத்த ஓட்டம் இல்ல." "வாயு பிடிச்சிருக்கு." "நரம்புத் தளர்ச்சி." "சுகர் ஏறியிருக்கும், போய் செக் பண்ணு." பிறகு தைலம், வெந்நீர் ஒத்தடம், மருந்துக்கடையில் ஒரு அட்டை வைட்டமின் மாத்திரை.

கார்ப்பல் டன்னல் சிண்ட்ரோம் என்ற பெயர் மட்டும் அந்தப் பேச்சில் வராது. அது லேப்டாப் முன்னால் உட்காருகிறவர்களின் பிரச்சனை என்றுதான் நம்மில் பலருக்கும் அறிமுகம். இணையத்தில் தேடினால் வருகிற படங்களிலும் கீபோர்ட், மவுஸ், வெள்ளைச் சட்டை. ஆனால் இந்த நோயை வேலையோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வுகள் முதலில் சுட்டிக்காட்டுவது வேறு கைகளை. அழுத்திப் பிடித்து, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, அதிரும் கருவியைத் தூக்கி வேலை செய்யும் கைகள் அவை. செம்பனைக் காட்டிலும் பால்மரக் காட்டிலும் இருப்பவை அப்படிப்பட்ட கைகள்தான்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிட பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம், ஒவ்வொரு முதலாளியும் தன் வேலையிடத்தில் உள்ள ஆபத்துகளை மதிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. பாம்புக்கடியும் மரத்திலிருந்து விழும் குலையும் அந்த மதிப்பீட்டில் எளிதாக இடம்பிடித்துவிடும். மெல்ல மெல்ல நசுங்கும் நரம்பு இடம்பிடிக்குமா என்பதுதான் கேள்வி.

மணிக்கட்டுக்குள் என்ன இருக்கிறது?

உள்ளங்கை தொடங்கும் இடத்தில், மணிக்கட்டின் உள்பக்கமாக ஒரு குறுகிய பாதை இருக்கிறது. அடியிலும் இரு பக்கமும் சிறு எலும்புகள். மேலே கூரை மாதிரி ஒரு கெட்டியான நார்ப்பட்டை. இந்தப் பாதை வழியாக விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், மீடியன் என்ற ஒரே ஒரு நரம்பும் கைக்குள் போகின்றன.

எலும்பு விரிந்து கொடுக்காது. நார்ப்பட்டையும் அவ்வளவாக விரியாது. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை தடித்தாலோ வீங்கினாலோ, உள்ளே இருப்பதிலேயே மிருதுவான நரம்புதான் நசுங்கும். மணிக்கட்டை முழுசாக மடக்கினாலும் சரி, பின்பக்கமாக வளைத்தாலும் சரி, உள்ளே அழுத்தம் கூடும். தூங்கும்போது நம்மை அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். இரவில் தொல்லை அதிகமாவதற்கு அது ஒரு காரணம்.

கீபோர்டோடு வந்த நோயும் இல்லை இது. மணிக்கட்டில் இந்த நரம்பு நசுங்குவதை ஜேம்ஸ் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1854-லேயே எழுதிவைத்திருக்கிறார். அது எலும்பு முறிவுக்குப் பிறகு வந்த பாதிப்பு. அதன் பிறகு சுமார் 100 வருஷம் கழித்து, 1950-களில், அமெரிக்காவின் ஜார்ஜ் ஃபேலன் எழுதிய கட்டுரைகள் வழியாகத்தான் பரவலான மருத்துவர்களுக்கு இது தெரியவந்தது. அப்போது யார் மேசையிலும் கம்ப்யூட்டர் இல்லை.

சுண்டுவிரலைக் கேளுங்கள்

எந்த விரல் மரத்துப்போகிறது என்பதுதான் முதல் துப்பு. மீடியன் நரம்பு உணர்வு கொடுப்பது கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. "கை முழுக்கத்தான் மரத்துப்போகுது" என்று சொல்கிறவர்களிடம் "சுண்டுவிரலுமா?" என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு "இல்ல, அது மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதுண்டு. அம்மாவிடம் இன்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது துப்பு, இரவில் எழுந்து கையை உதறுவது. மூன்றாவது, எந்த நேரத்தில் கூடுகிறது என்பது. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது, போனை ரொம்ப நேரம் காதில் வைத்திருக்கும்போது, கத்தியையோ கரண்டியையோ இறுக்கிப் பிடித்திருக்கும்போது அதிகமாகும். வலி சில சமயம் முழங்கை வரை, தோள் வரைகூட ஏறும். அதனால் பிரச்சனை தோளில்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

நாள் போகப் போக விரல்களில் பிடி தளரும். சட்டைப் பொத்தான் போட முடியாது. பையில் கைவிட்டால் பத்து காசா இருபது காசா என்று தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் இருக்கும் கோப்பை தானாக நழுவும். கட்டைவிரலின் அடியில் உப்பலாக இருக்கும் சதை தட்டையாகிப் போனால், நரம்பு வெகுநாளாக நசுங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் வலி குறைந்தும் போகலாம். "இப்ப வலிக்கல, சரியாப் போச்சு" என்று நினைப்பது ஆபத்தானது. விட்டு விட்டு வந்த மரமரப்பு எப்போதும் இருக்க ஆரம்பித்துவிட்டால் இன்னும் ஒரு மாசம் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு கைகளின் புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்கிற மாதிரி மணிக்கட்டை மடக்கி 60 வினாடி வைத்திருங்கள். அந்த மூன்றரை விரல்களில் குறுகுறுப்பு வந்தால் சந்தேகப்பட இடமிருக்கிறது. மேலே சொன்ன ஃபேலன் பெயரில்தான் இந்தச் சோதனை அழைக்கப்படுகிறது. இது நூற்றுக்கு நூறு சரியான சோதனை கிடையாது. ஒன்றும் வரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மற்ற சாத்தியங்களும் உண்டு. சுண்டுவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால், முழங்கையில் வேறொரு நரம்பு அழுத்தப்பட்டிருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது கையில் 'ஷாக்' அடித்தால் கழுத்தெலும்பைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் மட்டும் வலி, மரமரப்பே இல்லை என்றால் அது தசைநாண் வீக்கமாக இருக்கலாம். ராத்திரி பகலாகப் போனைத் தட்டுகிற நம்மில் பலருக்கு வரும் வலி இந்தக் கடைசி வகையாக இருக்க வாய்ப்பு உண்டு.

சுகர் கதை தனி. மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். நீரிழிவால் வரும் நரம்புப் பாதிப்பு பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். கால் நன்றாக இருந்து கைவிரல் மட்டும் மரத்தால், சுகரை மட்டும் குறை சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. அதே சமயம் நீரிழிவு உள்ளவர்களுக்குக் கார்ப்பல் டன்னல் வரும் வாய்ப்பும் கூடுதல். இரண்டும் ஒரே கையில் இருக்கலாம். தைராய்டு குறைபாடு, மூட்டுவாதம், உடல் பருமன், கர்ப்பம், பழைய மணிக்கட்டு முறிவு ஆகியவையும் காரணங்களே. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. கர்ப்ப காலத்தில் வந்தது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் தானாகக் குறையும்.

போனா, உளியா?

அமெரிக்காவின் மாயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கம்ப்யூட்டரை அதிக நேரம் பயன்படுத்தும் ஊழியர்களிடம் இந்த நோய் பொதுமக்களிடம் காணப்படும் அளவில்தான் இருந்தது. மவுஸை நாள் முழுக்கப் பிடித்திருப்பதற்கும் இதற்கும் ஓரளவு தொடர்பு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் ஆதாரம் வலுவாக இல்லை.

மறுபக்கம் அப்படி இல்லை. அமெரிக்க அரசின் தொழில் சுகாதார ஆய்வு நிலையமான நையோஷ் 1997-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கையின் பலமும் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவும் சேரும்போது, அல்லது பலமும் வளைந்த மணிக்கட்டும் சேரும்போது, இந்த நோய்க்கான ஆதாரம் மிக வலுவாக இருப்பதாக அது சொன்னது. கையில் ஏறும் அதிர்வுக்கும் தொடர்பு உண்டு என்றது. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்கள் பட்டியலிலும் கார்ப்பல் டன்னல் இடம்பெற்றிருக்கிறது. அங்கே சொல்லப்படும் காரணங்களும் இவையேதான்: நீண்ட காலம் பலம் போட்டுத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டை அளவுக்கு மீறி வளைத்தல்.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பகாவ், ஜெம்போல், ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் எதையாவது மனசுக்குள் சுற்றி வாருங்கள்.

பால்மரம் வெட்டுகிறவருக்கு ஒரு நிரையில் 500 மரம், சில இடங்களில் அதற்கும் மேல். மரத்துக்குப் பத்து இழுப்பு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், விடியற்காலை தொடங்கி வெயில் ஏறுவதற்குள் 5,000 இழுப்பு ஆகிவிடுகிறது. பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலாக வெட்டினால் பால் வராது. அந்த மில்லிமீட்டர் கணக்கைக் காப்பாற்றுவது மணிக்கட்டுதான். வெட்டு தாழ்வாக இருந்தால் குனிந்து, உயரமாக இருந்தால் கையைத் தூக்கி. மொட்டைக் கத்தியாக இருந்தால் இன்னும் பலம் போட வேண்டும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு அசைவு மாறியது, பாரம் கூடியது. இளம் மரத்தில் உளியால் குத்தி எடுக்கிறார்கள். மரம் உயர்ந்துவிட்டால், மலாயில் காலா என்று சொல்லும் நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து இழுக்கிறார்கள். ஒவ்வொரு இழுப்பும் மட்டையில் மோதி நிற்கும்போது அந்த அதிர்ச்சி உள்ளங்கையில்தான் வந்து இறங்கும். முதிர்ந்த மரத்தின் குலை 15 கிலோ, 20 கிலோ வரும். அதைக் கொக்கியால் குத்தித் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டும்.

மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய கேன்தாஸ் என்ற மோட்டார் அறுவடைக் கருவி இந்த உழைப்பைப் பெருமளவு குறைக்கிறது. ஆள் பற்றாக்குறைக்கு அதுவே தீர்வு என்று பேசப்படுகிறது. பேச்சில் அடிபடாத ஒரு விஷயம், மோட்டார் வைத்த கருவி என்றால் அதிர்வும் உண்டு என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி, 8 மணி நேரக் கணக்கில் கையில் ஏறும் அதிர்வு வினாடி வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டும், 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. இயந்திரம் வாங்கும்போது குதிரைத்திறனும் விலையும் கேட்கிற தோட்ட நிர்வாகங்கள் இந்த எண்ணையும் கேட்டால் நல்லது.

வெட்டுகிறவர் கூட ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறார். உதிரிப்பழம் பொறுக்குகிறவர்கள், பம்பை முதுகில் மாட்டி மருந்து அடிக்கிறவர்கள் பற்றி யார் பேசுகிறார்கள்? பல தோட்டங்களில் இவை பெண்கள் பார்க்கும் வேலை. மருந்து பம்பின் கைப்பிடியை ஒரு கையால் ஓயாமல் அடித்துக்கொண்டே, மறு கையால் குழாயை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வீடு திரும்பினால் துணி பிழிவது, தேங்காய் துருவுவது. நரம்புக்கு எது சம்பள வேலை, எது வீட்டு வேலை என்ற வித்தியாசம் தெரியாது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களும் தப்பிவிடவில்லை. செனவாங், நீலாய் தொழிற்சாலைகளில் உதிரிப்பாகம் பொருத்துவது, பேக்கிங் செய்வது எல்லாம் இதே அசைவுகளின் இன்னொரு வடிவம். அப்பா உளி பிடித்தார், மகள் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறாள்.

ஏன் வெளியே வருவதில்லை?

இலங்கை, தாய்லாந்து ரப்பர் தொழிலாளர்களிடமும் மலேசிய செம்பனைத் தொழிலாளர்களிடமும் தசை, மூட்டு வலி பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலும் முன்னால் நிற்பது முதுகும் தோளும். 'கை வலி' என்று ஒரு வரியில் போய்விடுகிற கணக்குக்குள் எத்தனை நரம்பு நசுங்கல் ஒளிந்திருக்கிறது என்பது, கையைப் பிடித்துப் பார்த்துச் சோதித்தால்தான் தெரியும்.

சம்பள முறை ஒரு தடை. அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் கிடைப்பது எத்தனை குலை, எத்தனை கிலோ என்ற கணக்கில் வருகிறது. ஒரு நாள் எம்.சி. எடுத்தால் அந்தக் கிலோ போய்விடும். இரவில் மட்டும் வந்து பகலில் மறையும் ஒரு நோய்க்காக யார் அரை நாளை இழப்பார்கள்?

இன்னொன்று, முன்பு தோட்டத்துக்கு உள்ளேயே ஒரு டிரசர் இருந்தார். ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட் என்ற அந்தப் பதவிக்கு 1965-இல் தனிச் சட்டமே வந்தது. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பார் என்று கிண்டல் செய்தாலும், இன்னார் எந்த நிரையில் எத்தனை வருஷமாக வெட்டுகிறார் என்று அவருக்குத் தெரியும். இன்று டவுன் கிளினிக்கில் ஐந்து நிமிஷம் பார்க்கிற டாக்டருக்கு அது தெரியாது. நாமும் சொல்வதில்லை.

இன்று தோட்டங்களில் உளி பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அரசு மருத்துவமனையில் குடிமக்களைவிடப் பல மடங்கு கட்டணம், பெர்மிட் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம், மொழி தெரியாத சங்கடம் எல்லாம் சேர்ந்து அவர்களை வாய்மூட வைக்கிறது. நம் பாட்டி சொல்லாமல் விட்ட அதே வலிதான் அது.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்கள்?

முதலில் கேள்விகள், பிறகு விரல்களில் உணர்வு, கட்டைவிரல் பலம், ஃபேலன் மாதிரியான சோதனைகள். அறிகுறிகள் தெளிவாக இருந்தால் பெரிய ஸ்கேன் எதுவும் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் அல்லது ஆபரேஷன் வரை போகும் நிலை என்றால், நரம்பில் மின் துடிப்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனைக்கு அனுப்புவார்கள். கூடவே சுகர், தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜஃபார் மருத்துவமனைக்கோ, கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ கடிதம் எழுதி அனுப்பலாம்.

லேசான, நடுத்தர நிலைக்கு முதல் சிகிச்சை ரொம்பச் சாதாரணமானது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஒரு ஸ்பிளிண்ட்டை இரவில் கட்டிக்கொண்டு தூங்குவதுதான் அது. குறைந்தது ஆறு வாரம் விடாமல் கட்ட வேண்டும். இரண்டு நாள் கட்டிவிட்டு "ஒண்ணும் வேலைக்கு ஆகல" என்று தூக்கிப் போடக் கூடாது. மருந்துக்கடையில் வாங்கினால் நீள எலாஸ்டிக் துணி மட்டும் போதாது, உள்ளே வளையாத ஒரு தகடு இருக்க வேண்டும். கையை இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கூடத்தான் செய்யும்.

அடுத்தது மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி. பிரிட்டனில் நடந்து 2018-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில், ஆறு வாரத்தில் ஸ்பிளிண்ட்டைவிட ஊசி அதிக நிவாரணம் தந்தது. ஆனால் சில மாதங்கள் கழித்துப் பலருக்குத் திரும்பி வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சுகர் ஏறும், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் என்றதும் நம்மவர்கள் பயந்துவிடுகிறார்கள். "நரம்புல கத்தி வச்சா கை விளங்காமப் போயிடும்" என்பது தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மையில் நரம்பை வெட்டுவதே இல்லை. மேலே கூரை மாதிரி இருக்கும் நார்ப்பட்டையைத்தான் பிளந்து விடுகிறார்கள், நரம்புக்கு இடம் கிடைக்கிறது. பெரும்பாலும் கைக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டு, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிகிச்சை முறைகளை ஒப்பிட்டு 2024-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, நீண்ட கால நோக்கில் ஸ்பிளிண்ட்டைவிட ஆபரேஷன் நல்ல பலன் தரக்கூடும் என்றே சொல்கிறது.

இருந்தாலும் விலை இருக்கிறது. தையல் பிரிக்க இரண்டு வாரம் ஆகும். உள்ளங்கையின் அடிப்பகுதியில் அழுத்தினால் வலிப்பது சில மாதம் நீடிக்கலாம். மேசை வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம், உளியும் காலாவும் பிடிக்க ஆறு வாரம், எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். இந்தக் கணக்கைத் தோட்ட நிர்வாகத்திடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். கட்டைவிரல் சதை கரைந்த பிறகு ஆபரேஷன் செய்தால் வலி போகும், ஆனால் பலமும் உணர்வும் முழுசாகத் திரும்பாமல் போகலாம். தள்ளிப் போடக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

மாத்திரை, எண்ணெய், உருவுதல்?

கை மரத்தால் வைட்டமின் பி மாத்திரை வாங்குவது நம் ஊரில் அனிச்சைச் செயல். பி12 குறைபாடு இருப்பவர்களுக்கு அது தேவை. நசுங்கிய நரம்பை அது விடுவிக்காது. பி6 வைட்டமினை அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் அதுவே நரம்பைப் பாதித்து விரல்களை மரத்துப்போக வைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வலி மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் இந்த நோயில் பெரிதாக உதவுவதில்லை.

தைலம் தேய்த்துவிடுவது இதமாக இருக்கும், தப்பில்லை. 'நரம்பு சுளுக்கு எடுக்கிறேன்' என்று மணிக்கட்டை அழுத்தி முறுக்குவது வேறு விஷயம். ஏற்கெனவே இடமில்லாத பாதையில் இன்னும் அழுத்தம் கொடுப்பது அது.

வராமல் தடுக்க முடியுமா?

முழுக்க முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. சுமையைக் குறைக்கலாம். அதில் பாதிக்கு மேல் தொழிலாளி கையில் இல்லை, நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கையை நீட்டி மடக்கும் உடற்பயிற்சி வீடியோ அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கத்தியும் அரிவாளும் கூர்மையாக இருந்தாலே ஒவ்வொரு இழுப்புக்கும் போடும் பலம் குறைகிறது. சாணை பிடிக்கும் நேரத்தைச் சம்பள நேரமாகக் கணக்கிட்டால் யாரும் மொட்டைக் கத்தியோடு நிரைக்குப் போக மாட்டார்கள். கைப்பிடி ரொம்பச் சன்னமாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும், உள்ளங்கைக்குப் பொருந்துகிற பருமனில் ரப்பர் சுற்றிக்கொள்வது உதவும். பெரிய சைஸ் கையுறை போட்டால் பிடி நழுவி, இன்னும் இறுக்கிப் பிடிப்போம். அதிர்வைத் தடுப்பதாகச் சொல்லி விற்கும் கையுறையை மட்டும் நம்ப முடியாது, மோட்டார் கருவியை ஒருவரே நாள் முழுக்கப் பிடிக்காமல் ஆள் மாற்றுவதுதான் முக்கியம். மருந்து அடிக்க பேட்டரி பம்ப் இப்போது கடைகளில் கிடைக்கிறது. வெட்டு, அடுக்கு, பொறுக்கு என்று வேலையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒரே நரம்பு அடி வாங்காது.

சட்டம், சொக்சோ: என்ன கேட்கலாம்?

2024 திருத்தத்தின்படி ஆபத்து மதிப்பீடு முதலாளியின் கடமை. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், பாதுகாப்பு அதிகாரி இல்லாவிட்டால், பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். முதலாளி கடமை தவறினால் அபராதம் 500,000 ரிங்கிட் வரை போகலாம். வேலையில் உடல் அசைவால் வரும் ஆபத்துகளை எப்படி மதிப்பிடுவது என்று வேலையிட பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017-இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. "எங்க தோட்டத்து மதிப்பீட்டுல கை வேலை இருக்கா?" என்று தொழிற்சங்கப் பேராளர் கேட்க இப்போது சட்ட ஆதாரம் இருக்கிறது.

வேலையால் வந்த நோய் என்று உறுதியானால் சொக்சோவின் வேலையிட பேரிடர் திட்டத்தில் கோரிக்கை வைக்கலாம். சிகிச்சைச் செலவு ஒரு பகுதி. எம்.சி. குறைந்தது 4 நாள் இருந்தால், அந்த நாட்களுக்குச் சொக்சோ கணக்கிடும் தினசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக உதவித்தொகை. கையின் செயல்திறன் நிரந்தரமாகக் குறைந்திருந்தால் மருத்துவ வாரியம் விழுக்காடு நிர்ணயிக்கும். சொக்சோவில் 2007 முதல் 'மீண்டும் வேலைக்கு' என்ற திட்டமும் உண்டு, பழைய வேலைக்குப் போக முடியாதவர்களுக்குப் பக்கத்து மாநிலமான மலாக்காவில் மறுவாழ்வு மையம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் இதே வேலையிட பேரிடர் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள், சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டத்தில் விவசாயத் துறையின் கீழ் பதிந்துகொள்ளலாம்.

சிக்கல் இருக்கும் இடம் 'வேலையால் வந்தது' என்பதை நிறுவுவதில். சுகர் இருக்கிறது, வயதாகிவிட்டது என்று சொல்லித் தள்ளிவிட இடமுண்டு. அதனால் முதல் நாள் கிளினிக் குறிப்பிலேயே வேலை விவரம் ஏற வேண்டும். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர் நீங்கள்தான் என்றால், மொழிபெயர்க்கும் வேலையும் உங்களுடையதுதான். எத்தனை வருஷம், எந்தத் தோட்டம், பால்மரமா செம்பனையா, உளியா காலாவா மோட்டார் கருவியா, ஒரு நாளைக்கு எத்தனை மரம், எந்தக் கை அதிகம் வேலை செய்கிறது, மரமரப்பு எந்த மாசம் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். டாக்டர் அதைக் கோப்பில் பதிந்தாரா என்று கேளுங்கள். தொழில்சார் நோய் என்று சந்தேகிக்கும் டாக்டர் அதை வேலையிட பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எம்.சி. நகல், சோதனை முடிவு, சம்பளச் சீட்டு மூன்றையும் ஒரே உறையில் வைத்திருங்கள். முதலாளியிடம் வாய்வார்த்தையாக மட்டும் சொல்லாமல் வாட்சாப்பிலாவது எழுதிவிடுங்கள், தேதி பதிவாகும். சொக்சோ தொலைபேசி எண் 1-300-22-8000.